கூழும் கஞ்சியும்

சென்ற வருஷம் ஒரு மாதப் பத்திரிகையில் என் சிறுகதை ஒன்று வெளியாயிற்று. தருமபுரிப் பக்கத்து மேட்டு நிலத்தில் நாற்பது வருஷங்களுக்கு முன் நடப்பதாகக் கதை. மகன் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். தாய் உச்சி வெயிலில் தலையில் கஞ்சிக் கலயத்தை வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து வருகிறாள். அந்தக் காட்சியை எழுதி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. நண்பர்கள் இரண்டு பேர் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டவும் செய்தார்கள்.

பத்து நாள் கழித்துப் பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கையெழுத்து. ஆனால் பேசியவள் அவள் தாய்.

"ஐயா, உங்கள் கதையை என் மகள் படித்துக் காட்டினாள். நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் காட்டுக்குக் கஞ்சி கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் முப்பது வருஷம் காட்டுக்குக் கொண்டு போனவள்தான். நான் கொண்டு போனது கூழ். கஞ்சிக்கு நிற்கிற நிலைமை எங்களுக்கு வந்ததில்லை. இனிமேல் எழுதும்போது பார்த்து எழுதவும்."

இவ்வளவுதான் கடிதம். படித்தவுடன் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? கூழாவது, கஞ்சியாவது! இரண்டும் தானியத்தைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுவதுதானே? 'ஏதோ கஞ்சியோ கூழோ குடித்துக் காலம் தள்ளுகிறோம்' என்று உலகமே ஒரே மூச்சில் சொல்லவில்லையா? இப்படியெல்லாம் பதில் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தேன். நல்ல வேளையாக, எழுதுவதற்கு முன்னால் சற்று யோசித்தேன். இரண்டும் ஒன்றே என்றால் 'கஞ்சியோ கூழோ' என்று நடுவில் ஓர் ஓகாரம் எதற்கு? அந்த ஓகாரத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் என் பேனா மூடிக்குள் போய்விட்டது.

நான் காவிரிப் பாசனத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் சோறு வடித்த கஞ்சி. பாட்டி சிப்பலைச் சாய்த்து வடிக்கும்போது ஆவி பறக்க வெள்ளையாக இறங்குமே, அது. பாதி மாட்டுத் தொட்டிக்குப் போகும். பாதி தாத்தாவின் வேட்டிக்குப் போகும். கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்கும். கஞ்சிக்கு ஓர் அந்தஸ்து கிடைத்த இடம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். மற்றபடி யாருக்காவது ஜுரம் வந்தால் நொய்க் கஞ்சி வைப்பார்கள். கூழ் என்ற சொல்லே எங்கள் சமையலறையில் வற்றல் போடும் மாதத்தில் மட்டும்தான் காதில் விழும். அரிசி மாவைக் கிளறி, கூழ் வற்றல் பிழிவார்கள். ஆகவே, மேட்டு நிலத்துத் தாய்க்கும் ஒரு கஞ்சிக் கலயத்தைக் கொடுத்து அனுப்பினேன். என் ஊர்ச் சொல்லை அவள் தலையில் ஏற்றியது என் பிழை.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். அரிசியையோ நொய்யையோ நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் கஞ்சி. தானியம் தன் உருவத்தோடு அடியில் கிடக்கும். தண்ணீர் மேலே நிற்கும். கரண்டியை விட்டால் எத்தனை பருக்கை என்று எண்ணிவிடலாம். கூழ் அப்படியல்ல. அங்கே தானியம் மாவாகித் தன் உருவத்தை இழந்துவிடுகிறது. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, அது கொதிக்கும்போது புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் துழாவுகிறார்கள். நிறுத்தாமல் துழாவ வேண்டும். விட்டால் கட்டி தட்டிவிடும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறிய பிறகு மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் பொழுது சாயும்வரை பசி எட்டிப் பார்க்காது. இன்னும் கெட்டியாகக் கிளறி உருட்டினால் அது களி.

இவ்வளவோடு நின்றால் இது சமையல் குறிப்பாகிவிடும். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டது சமையல் தவறுக்காக அல்ல. 'கஞ்சிக்கு நிற்கிற நிலைமை' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாளே, அதில் அல்லவா விஷயம் இருக்கிறது!

சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் புரட்டினேன். கூழ் என்ற சொல்லுக்கு நேரே மாவால் செய்த உணவு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதோடு பொதுவாக உணவு, பயிர், செல்வம் என்றெல்லாம் பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் கூழ் என்றால் ஏழையின் உணவு அல்ல, உணவே அதுதான். திருவள்ளுவர் அரசனுக்கு வேண்டிய ஆறு உறுப்புகளைச் சொல்லும்போது படை, குடி இவற்றோடு கூழையும் சேர்க்கிறார். ஒரு நாட்டின் செல்வத்துக்கே அங்கே கூழ் என்று பெயர். அதே வள்ளுவர், குழந்தை தன் சிறு கையை விட்டு அளைந்த உணவு அமிழ்தத்தை விட இனிது என்கிற இடத்திலும் கூழ் என்ற சொல்லையே ஆளுகிறார். அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தொட்டில் குழந்தையின் விரல் வரை ஒரே சொல்.

நீர்க்கஞ்சிக்கு அவர் வேறு சொல் வைத்திருக்கிறார்: புற்கை. அது எங்கே வருகிறது தெரியுமா? இரவச்சம் என்ற அதிகாரத்தில். தெளிந்த தண்ணீர் போல இருக்கும் புற்கையே ஆனாலும், தன் முயற்சியால் வந்ததானால் அதை உண்பதைவிட இனியது வேறில்லை என்கிறார். நீர்த்த உணவைப் பற்றிப் பேச்சு வந்தவுடன், 'இது யார் கொடுத்தது?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது, பாருங்கள்.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சியின் சரித்திரத்தைப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்குகின்றன.

கஞ்சி கப்பலேறிய சொல். கோவாவில் இருந்த போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் ஒரு நூல் அச்சிட்டார். அதில் நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்து அரிசித் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தைச் சொல்லி, அதற்குக் கஞ்சி என்று பெயர் என்று எழுதி வைத்திருக்கிறார். போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் கோழி ரசத்தில் அரிசி போட்டுக் காய்ச்சுவதை இன்றைக்கும் 'கான்ஜா' என்கிறார்கள். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அதைக் கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆங்கிலேயர்கள் அதைக் 'காஞ்ஜி' ஆக்கிக்கொண்டார்கள். இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற அகராதியில் 'காஞ்ஜி ஹவுஸ்' என்று ஒரு பதம் இருக்கிறது. கஞ்சி வீடு! பட்டாளத்தில் குற்றம் செய்த சிப்பாய்களை அடைத்து வைக்கும் அறை அது. உள்ளே இருப்பவனுக்குக் கிடைக்கும் ஆகாரத்தை வைத்துப் பெயர் வந்தது. நம் ஊரில் ஜெயிலுக்குப் போவதைக் 'களி தின்பது' என்கிறோம். வெள்ளைக்காரச் சிப்பாய் அதையே கஞ்சியில் சொல்லியிருக்கிறான்.

நோயாளியும் கைதியும் தாங்களாக அகப்பையைத் தொட முடியாதவர்கள். பிறர் ஊற்றினால்தான் உண்டு. கஞ்சி முதன்முதலாக அயலாரின் கண்ணில் பட்டது அந்தக் கோலத்தில்தான்.

அடுத்து, நம் சென்னைப் பட்டணத்துக்கு வருவோம். ஹைதர் அலி 1780-ல் கர்நாடகத்தின் மேல் படையெடுத்து வந்தார். கிராமங்கள் எரிந்தன, பயிர் அழிந்தது, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். 1782 பஞ்சத்தில், வடசென்னையில் ஒரு மணியக்காரரின் சத்திரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். மணியக்காரர் என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் 'மனேகர்' ஆகி, அது 'மனேகர் சவுல்ட்ரி' என்று காகிதத்தில் ஏறிற்று. சத்திரத்தை ஒட்டி 1799-ல் ஓர் ஆஸ்பத்திரி உண்டாயிற்று. அது வளர்ந்து வளர்ந்து, கவர்னர் ஸ்டான்லியின் பெயரில் பெரிய ஆஸ்பத்திரியும் வைத்தியக் கல்லூரியும் ஆகிவிட்டது. ஆனால் வடசென்னை ஜனங்கள் கவர்னர் பெயரை லட்சியம் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்து வந்தார்கள். ஒரு நூற்றாண்டு போய் இன்னொரு நூற்றாண்டு வந்தும் அந்தத் தொட்டி மறக்கவில்லை.

மறக்க முடியாதபடி மற்றொரு பஞ்சமும் வந்தது. அதுதான் தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை தென்னிந்தியா முழுவதும் செத்துச் சுண்ணாம்பாயிற்று. இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்து பெரிய தர்பார் நடந்தது. அதே மாதத்தில் வைஸ்ராய் லிட்டன், ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை மதராஸுக்கு அனுப்பினார். நிவாரணச் செலவைக் குறைக்க வேண்டும் என்பது உத்தரவு. டெம்பிள் கூலியைக் குறைத்தார். பஞ்ச வேலை செய்யும் ஓர் ஆண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் சிறிது காசும். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். மண் வெட்டிக் கூடை சுமக்கிறவனுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் ஓயாமல் வாதாடினார். கடைசியில் மதராஸ் சர்க்கார் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டார்கள்.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். வெட்டினவர்களில் ஒருவன் பெயரும் அதில் இல்லை.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பான முடிவுக்கு வர இருந்தேன். 'கூழ் என்பது உழைத்துக் குடிப்பது. கஞ்சி என்பது சும்மா வாங்கிக் குடிப்பது' என்று எழுதிவிடலாம் போலத் தோன்றிற்று. சொல்வதற்கும் அழகாக இருக்கிறது. ஆனால் பக்கிங்ஹாம் கால்வாய் அதைப் பொய்யாக்குகிறது. அங்கே மண் வெட்டியவர்கள் சும்மாவா வாங்கினார்கள்? மேட்டு நிலத்துக் குடியானவனை விட அதிகமாகவே உழைத்தார்கள். ஆனாலும் அது அவர்களுக்குக் கஞ்சியாகத்தான் இருந்தது. ஏன்? தானியம் அவர்களுடையது அல்ல. படி அவர்கள் கையில் இல்லை. ஒரு வயிற்றுக்கு எவ்வளவு என்பதை ஒரு துரை காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதினார்.

ஆகவே, வித்தியாசம் உழைப்பில் இல்லை. அகப்பை யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு நாம் தினமும் பேசும் பேச்சைக் கவனியுங்கள். 'கடைசிக் காலத்தில் பிள்ளை கஞ்சி ஊற்றுவானா?' என்று கேட்கிறோம். கூழ் ஊற்றுவானா என்று ஒரு தாயும் கேட்பதில்லை. தன் கையில் அகப்பை இல்லாத காலத்தைப் பற்றி அவள் கேட்கிறாள், ஆகையால் கஞ்சி. ஆலைத் தொழிலாளர்களும் நெசவாளர்களும் வேலையில்லாமல் திண்டாடும்போது 'கஞ்சித் தொட்டி திறப்போம்' என்று கிளம்புகிறார்கள். அங்கே காய்ச்சுகிற கஞ்சியால் பசி எவ்வளவு ஆறும் என்பதல்ல விஷயம். எங்கள் கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று ஊரறியச் சொல்வதற்கு அந்தச் சொல்தான் பொருத்தமாக இருக்கிறது. கூழ்த் தொட்டி என்று யாராவது பலகை எழுதி வைத்தால் அர்த்தமே மாறிப் போகும்.

கூழை ஊற்றுவதும் உண்டே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் ஊற்றுகிறார்கள். ஆனால் அது எப்படி நடக்கிறது? வீட்டுக்கு வீடு மாவும் நொய்யும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பெரிய அண்டாவில் காய்ச்சி, அம்மனுக்குப் படைத்து, அதே ஜனங்கள் சொம்பும் தூக்குமாக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். கொடுத்தவனே வாங்குகிறான். வாங்குவதற்குக் கூசுகிறவன் அந்த வரிசையில் ஒருவனும் இல்லை. 'கூழானாலும் குளித்துக் குடி' என்றார்களே, அந்தச் சொல்லிலும் ஒரு வீட்டின் நிமிர்வு இருக்கிறது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து குடிக்க ஒரு திண்ணையும் சொந்தமாக ஒரு சட்டியும் இருப்பவனுக்குச் சொன்ன புத்திமதி அது. 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்ற பழமொழியில் கூடக் கூழ் குடிப்பவனுக்கு ஒரு மீசையைக் கொடுத்திருக்கிறார்கள். கஞ்சித் தொட்டி வரிசையில் நிற்பவனுக்கு மீசையைப் பற்றி என்ன கவலை?

அப்படியானால் கஞ்சி என்றைக்கும் தாழ்ந்த சொல்லேதானா? அதுவும் இல்லை.

ரமலான் மாதத்தில் மாலை நேரம் எந்தப் பள்ளிவாசலுக்குப் பக்கத்திலாவது நின்று பாருங்கள். நோன்புக் கஞ்சியின் வாசனை தெருக்கோடி வரை வரும். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே தரையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவின் கஞ்சியைக் குடித்து நோன்பு திறக்கிறார்கள். அக்கம்பக்கத்து இந்துக் குழந்தைகளும் தூக்குப் பாத்திரத்தோடு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். சிறு வயதில் நானே நின்றிருக்கிறேன். அங்கே பசி எல்லோரும் விரும்பி ஏற்றுக்கொண்ட பசி. அண்டா எல்லோருக்கும் பொதுவான அண்டா. ஆகவே கஞ்சி அங்கே தலை நிமிர்ந்து நிற்கிறது.

இன்னொரு கஞ்சியும் உண்டு. அதைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு சொற்களும் இன்றும் வெவ்வேறாகவே வாழ்கின்றன. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சினால் ஒடியற் கூழ். குடும்பம் முழுவதும் சுற்றி உட்கார்ந்து குடிக்கும் உற்சாகமான சாப்பாடு அது. ஆடி முதல் நாளில் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்த்து இனிப்பாக ஆடிக் கூழ் காய்ச்சுவார்கள். மாவில் காய்ச்சியது கூழ். வீட்டில் குதூகலம் இருக்கும் நாளைக்குக் கூழ்.

2009-ல் யுத்தத்தின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் என்ற சிறு துண்டு நிலத்துக்குள் லட்சக்கணக்கான ஜனங்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். உணவு வரும் வழி அடைந்துவிட்டது. கிடைத்த கொஞ்சம் அரிசியை நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டுக் காய்ச்சிப் பங்கிட்டார்கள். அதற்கு வரிசையில் நின்ற இடத்திலேயே குண்டு விழுந்து செத்தவர்கள் உண்டு. அந்த ஜனங்கள் இப்போது ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியை, அதே மாதிரி வெறும் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சி, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று பெயர். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், அதைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களைப் போலீஸார் கைது செய்தார்கள். தேங்காய்ப் பால் கூட ஊற்றாத ஒரு கஞ்சியைக் கண்டு அவ்வளவு பயம். அன்றைக்குப் பிறர் அளந்து விட்ட கஞ்சியை இன்றைக்கு அவர்கள் தங்கள் கையாலேயே ஊற்றுகிறார்கள் அல்லவா? அகப்பை கை மாறிவிட்டது. சொல் அதேதான்; ஆனால் அதன் முதுகு நிமிர்ந்துவிட்டது.

மறுபடியும் தருமபுரிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 முதல் இலவசம். பசி போயிற்று, அது பெரிய காரியம். கூடவே மேட்டு நிலத்து அடுப்புகளில் துடுப்புகளும் குறைந்தன. இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய வருஷம் என்று கொண்டாடிற்று. அதே வருஷம் மே மாதத்தில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் ரேஷன் கடைகளில் தொடங்கிற்று. அந்த அம்மாளின் பானைக்குள் என்ன போக வேண்டும் என்பதை இப்போதும் ஏதோ ஒரு காகிதம் தீர்மானிக்கிறது என்று வையுங்கள். ஆனால் அந்த மாவைத் துழாவும் கை அவளுடையது. பதம் பார்க்கும் ஈரக் கையும் அவளுடையதே. அதனால்தான் அவள் ஒரு சொல்லுக்காகத் தாள் கிழித்துக் கடிதம் எழுதச் செய்தாள்.

பதில் எழுதினேன். "அம்மா, தவறு என்னுடையதுதான். புத்தகமாக வரும்போது திருத்திவிடுகிறேன்" என்று நாலு வரி. கதைத் தொகுதி அச்சுக்குப் போகும் சமயம் அந்தப் பக்கத்தை எடுத்துக் கஞ்சிக் கலயத்தைக் கூழ்ப் பானையாக மாற்றினேன். வேறெங்கும் இந்தப் பிழை இருக்கிறதா என்று கதை முழுவதையும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். மகன், சமையல் தெரியாதவன், அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து, இரண்டு பிடி நொய்யைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து அவள் வாயில் ஊற்றுகிறான். அங்கேயும் கஞ்சி என்றே எழுதியிருந்தேன்.

அதை மாற்றவில்லை. அது கஞ்சிதான்.